கப்பில் வந்த தண்ணீர்

வார்டு பணியாளர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் அரை மணி நேரம் பேச முடியுமா என்று ஹெட் நர்ஸ் போன் செய்தார். நாலு பேர் முன்னால் நின்று எனக்குப் பழக்கம் இல்லை. "பேச வராது சிஸ்டர். எழுதித் தரேன், யாராவது வாசிச்சுக் காட்டட்டும்" என்றேன். "சரி, எழுதுங்க. ஆனா ரெண்டு வரியில முடிச்சுடாதீங்க, உங்களைத் தெரியும்" என்றார்.

நான் பத்தாவது வரை படித்தவன். நெஞ்சு நோய் வார்டில் பணியாளராகச் சேர்ந்து, முட்டி தேய்ந்து போனதால் போன வருஷம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு திருச்சி கே.கே. நகரில் உட்கார்ந்திருக்கிறேன். மாஸ்க் எப்படிப் போடுவது, சளி வாங்கும் கப்பில் எப்படிப் பெயர் ஒட்டுவது, எந்த ரிஜிஸ்டரில் எதை எழுதுவது என்பதெல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் செய்த ஒரு தப்பை மட்டும் சொல்கிறேன். அதில் சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "தாராளமா எழுதுங்கோ, பேர் மட்டும் வேண்டாம்" என்றார்.

காசநோய் உள்ளவர் இருமினாலும் பேசினாலும் பாடினாலும் கிருமி காற்றில் வரும். அதனால்தான் ஆரம்பத்தில் தனி அறை. மாத்திரை உள்ளே போகப் போகக் கிருமி அடங்கும். எப்போது கதவைத் திறந்து அவரை வெளியே அனுப்பலாம் என்று டாக்டர் முடிவு செய்வார். டாக்டர் பல விஷயங்களைப் பார்ப்பார். அதில் ஒன்று சளிப் பரிசோதனை. அந்தச் சளியைக் கப்பில் வாங்கி லேபுக்குக் கொண்டுபோவது நாம். டாக்டர் பார்ப்பது காகிதத்தில் இருக்கும் முடிவை. கப்பைப் பார்ப்பது நாம் மட்டும்தான்.

ஒரு கார்த்திகை மாத ஆரம்பத்தில் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். அறுபது வயது இருக்கும். அவர் வீட்டுக்கு எதிரில் ஒரு சின்னப் பெருமாள் சன்னதி. மார்கழி முழுக்கக் காலையில் அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்று பாசுரம் சொல்வார்கள். கோஷ்டி என்பார்கள். முப்பது வருஷமாக அந்த வரிசையில் இவருக்கு ஓர் இடம். வார்டில் நாங்கள் எல்லோரும் அவரைச் சாமி என்றுதான் கூப்பிட்டோம்.

அவரைப் பார்க்க அவர் மனைவியான மாமியும் ஒரு நண்பரும் வருவார்கள். நண்பர் உள்ளே வர மாட்டார். வெளியே வராந்தாவைத் தாண்டி, மாஸ்க் போட்டுக்கொண்டு மரத்தடியில் நின்று ஜன்னல் வழியாகப் பேசுவார். சிறுநீரக மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர். அதற்காக அவர் சாப்பிடும் மாத்திரை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும். சாதாரண ஜலதோஷமே அவரைப் படுக்க வைக்கும். கோஷ்டியில் சாமிக்கு அடுத்து, தோள் இடிக்க நிற்பவர் இவர்தான்.

"என்ன ஓய், ரூம் நன்னா இருக்கா? ஏ.சி. உண்டா?" என்று கேட்பார்.

"ஜன்னல் நாலு இருக்கு. கொசு நிறைய இருக்கு. நீரும் வாருமேன்" என்பார் சாமி.

சாமி யாரையும் தொந்தரவு செய்ய மாட்டார். மாத்திரையை என் கண் முன்னால் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்து காட்டுவார். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது நேராக உட்கார்ந்து பதில் சொல்வார். டாக்டர் நிற்கும் ஐந்து நிமிஷத்தில் ஒருமுறைகூட இரும மாட்டார். நீளமான வரிகளை ஒரே மூச்சில் சொல்லிப் பழகியவருக்கு ஐந்து நிமிஷம் இருமலை அடக்குவது பெரிய காரியம் இல்லை. அது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அவருக்கு ஒரே ஒரு கேள்விதான். "மார்கழி ஒண்ணாம் தேதிக்குள்ள போயிடலாமா?"

மூன்று வாரம் ஆனதும் டாக்டர் சளி எடுக்கச் சொன்னார். முதல் நாள் மாலை நான் சாமியிடம், "காலையில வாயை நல்லா கொப்பளிச்சுட்டு வாங்க சாமி, கப்புல சளி குடுக்கணும்" என்றேன். நமக்குச் சொல்லிக் கொடுத்திருப்பது அதுதான். வாயில் சாப்பாட்டுத் துணுக்கு இருக்கக் கூடாது.

மறுநாள் காலையில் வார்டுக்குப் பின்னால், காற்றோட்டமான இடத்தில், அவர் கையில் கப்பைக் கொடுத்தேன். பெரிய மனுஷர். துப்புவதை ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்தால் அவருக்கு எப்படி இருக்கும் என்று எனக்கே கூச்சமாக இருந்தது. முதுகைத் திருப்பிக்கொண்டு தள்ளிப் போய் நின்றேன். "ஆச்சு" என்றார். கப்பை மூடி எடுத்துக்கொண்டேன். மூடும்போது பார்த்தேன். தண்ணீர் மாதிரி இருந்தது.

லேபில் இருந்த பெண் கப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "என்னண்ணே, காவேரியில மொண்டு வந்தீங்களா? இது எச்சில்ண்ணே. சளி இல்ல. திரும்ப வாங்கிட்டு வாங்க."

"சாமி பெரியவரும்மா. திரும்பக் கேக்கச் சங்கடமா இருக்கு. இதையே பாரேன்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாங்கி வைத்தாள். இரண்டாம் நாள் கப்பும் அப்படித்தான் இருந்தது. அதையும் என் முகத்துக்காக வாங்கிக்கொண்டாள். இரண்டு முடிவிலும் கிருமி தெரியவில்லை என்று வந்தது. எச்சிலில் எப்படித் தெரியும்?

எனக்கு இது தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரியும். காகிதம் வந்ததும் சாமி முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து, எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். கூச்ச சுபாவம் உள்ளவனுக்கு இது சுலபமாக வரும். ஒருவரைச் சங்கடப்படுத்தாமல் இருந்துவிட்டால் நல்லது செய்துவிட்டோம் என்று தோன்றும்.

மார்கழிக்கு இரண்டு நாள் முன்னால் டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று எழுதினார். அன்று காலை மாமி பையோடு வந்துவிட்டார். நண்பர் வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு மரத்தடியில் நின்றார். நான் படுக்கை விரிப்பை எடுக்க அறைக்குள் போனேன். சாமி பாத்ரூமில் இருந்தார். குழாய் முழுசாகத் திறந்திருந்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம். நெஞ்சைப் பிடுங்கிக்கொண்டு வருகிற இருமல். காறித் துப்புகிறார். மறுபடியும் இருமல்.

வெளியே வந்தவரிடம், "சாமி, தினமும் இப்படியா?" என்று கேட்டேன்.

"ஆமாம். காலம்பர எழுந்ததும் உள்ள இருக்கறதையெல்லாம் இருமித் தள்ளிடணும். அப்பறம் பன்னெண்டு தடவை கொப்பளிக்கணும். அதுக்கப்பறம்தான் மத்த காரியம்."

"கப்பு குடுத்த ரெண்டு நாளும்?"

"அன்னிக்கு இன்னும் நாலு தடவை கூடவே கொப்பளிச்சேன். டாக்டர் கைக்குப் போற வஸ்து, சுத்தமா இருக்க வேண்டாமா? நீங்கதானே கொப்பளிச்சுட்டு வாங்கோன்னு சொன்னேள்?"

நான்தான் சொன்னேன். கொப்பளித்த பிறகு ஆழமாக மூச்சு இழுத்து இரும வேண்டும், அப்போது வருவதுதான் கப்புக்கு என்று சொல்லாமல் விட்டதும் நான்தான். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. வாழ்நாள் முழுக்க எச்சிலைத் தீட்டு என்று ஒதுக்கி வந்தவர், நமக்கு வேண்டியதைப் பாத்ரூமில் கொட்டிவிட்டு, நமக்குச் சுத்தமானதைக் கொடுத்திருக்கிறார்.

ஜன்னலுக்கு வெளியே நண்பர் குரல் கொடுத்தார். "சீக்கிரம் வாரும் ஓய்! நாளன்னிக்கு உமக்குப் பக்கத்துல நான்தான். வரிசையில இடம் போட்டு வெச்சாச்சு."

விரிப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். சொன்னால் சாமியின் மார்கழி போகும். லேப் பெண்ணுக்கும் பதில் சொல்ல வேண்டி வரும். எனக்கு மெமோ வரும். சொல்லாவிட்டால், மரத்தடியில் நிற்கிற அந்த மனிதர் நாளை மறுநாள் மூடின சன்னதிக்குள் ஒரு மணி நேரம் இந்த மூச்சுக்குப் பக்கத்தில் நிற்பார்.

டாக்டர் அறை வாசல் வரை போய்விட்டேன். கால் உள்ளே போகவில்லை. அவரே நிமிர்ந்து பார்த்து, "என்ன, விரிப்பை எனக்கா கொண்டு வந்திருக்கீங்க?" என்றார்.

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. பாதி வார்த்தை வாய்க்குள்ளேயே போயிருக்கும்.

"கப்பைப் பார்த்த அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம்."

அவர் அந்த இரண்டு முடிவுகளையும் மறுபடி எடுத்துப் பார்த்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. "நாளைக்குக் காலையில மறுபடி வாங்குங்க. பக்கத்துல நின்னு வாங்குங்க" என்றார். பிறகு எழுந்து, அவரே சாமியின் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார்.

சாமி அன்று முழுவதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மாத்திரை கொண்டுபோனபோது, "ஆட்டோ வாசல்ல வந்தப்பறம் பிடிச்சு வெச்சுட்டேளே" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். மாமி பையிலிருந்த வேட்டிகளைத் திரும்ப எடுத்து அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தார்.

லேப் பெண் மத்தியானம் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, என்னையும் சேர்த்து மாட்டி விட்டுட்டீங்களா?"

"இல்லம்மா. நான் வற்புறுத்தினதாலதான் நீ வாங்கினேன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"வற்புறுத்தினீங்களா? நீங்களா? கேன்டீன்ல டீ சொல்லவே உங்களுக்கு வாய் வராது. இதை யாருண்ணே நம்புவா?" என்று சிரித்துவிட்டாள். எனக்கு மெமோ வந்தது. நியாயமானதுதான்.

மறுநாள் காலை பக்கத்தில் நின்றேன். எனக்கும் கூச்சம், அவருக்கும் கூச்சம். "சாமி, பாசுரத்துல நீள வரி வந்தா எப்படி மூச்சு இழுப்பீங்களோ அப்படி இழுங்க. மூணு தடவை. மூணாவதுல அடியிலேருந்து இருமுங்க" என்றேன். என்னை ஏறிட்டுப் பார்த்தார். இழுத்தார். அப்படி ஒரு மூச்சை நான் வார்டில் யாரிடமும் பார்த்ததில்லை. மூன்றாவதில் வந்தது. கெட்டியாக, மஞ்சளாக. லேபுக்குப் போனதும் அந்தப் பெண், "இது கப்பு" என்றாள்.

முடிவில் கிருமி இருந்தது. முதலில் வந்தபோது இருந்ததைவிடக் குறைவுதான். ஆனால் இருந்தது.

டாக்டர் ஒரு நாற்காலியை ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்து சாமியிடம் பேசினார். "மாத்திரை நல்லா வேலை செய்யுது. நிறைய பேரை இந்த நிலைமையிலேயே வீட்டுக்கு அனுப்புறோம். தனி ரூம்ல ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு மாத்திரை போட்டுக்கிட்டா போதும். உங்களையும் அனுப்பலாம். ஆனா கோஷ்டிக்கு மட்டும் இப்ப போகக் கூடாது. வீட்டுக்குப் போறது ஒரு முடிவு, அந்த வரிசையில நிக்கறது வேற முடிவு."

இதைக் கவனியுங்கள். திறக்க வேண்டியது தனி அறைக் கதவு ஒன்றுதான் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். அவர் எங்கே போகிறார், யார் பக்கத்தில் நிற்பார், அந்த இடத்தில் காற்று வருமா என்பதையும் சேர்த்துத்தான் முடிவு என்று அன்றுதான் புரிந்தது.

சாமி பதில் சொல்வதற்குள் மரத்தடியிலிருந்து நண்பர் கத்தினார். "ஓய்! நான் ஏற்கெனவே இன்னொருத்தர் கிட்னியில ஓடிண்டிருக்கேன். நுரையீரலுக்கும் ஆள் தேட வெச்சுடாதேயும்!"

சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் இருமல் வந்தது. இந்த முறை அவர் அடக்கவில்லை. டாக்டர் எதிரிலேயே, மாஸ்க்கை அழுத்திக்கொண்டு நன்றாக இருமினார். பிறகு சொன்னார்: "வீட்டுல இருந்தா நான் போகாம இருக்க மாட்டேன் டாக்டர். எதிர்லயே சன்னதி. சத்தம் கேட்டா கால் தானா எழுந்துடும். இங்கேயே வெச்சுக்கோங்கோ."

அப்படித்தான் மார்கழி பிறந்தது. முதல் நாள் காலை ஆறு மணி டியூட்டிக்கு வந்தேன். சாமி அறையிலிருந்து கூட்டமாகப் பாடுகிற சத்தம். பதறிப் போய் ஜன்னலில் பார்த்தேன். உள்ளே அவர் ஒருவர்தான். குளித்து, நாமம் இட்டுக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். ஜன்னல் கட்டையில் செல்போன் இருந்தது. நண்பர் சன்னதியிலிருந்து போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்திருக்கிறார். அங்கே கோஷ்டி சொல்லச் சொல்ல இங்கே இவர் சொல்கிறார். நாலு ஜன்னலும் திறந்திருந்தன.

நான் வெளியே நின்று கேட்டேன். நடு வரியில் இருமல் வந்து நின்றுவிடுவார். கோஷ்டி போய்க்கொண்டே இருக்கும். இரண்டு வரி கழித்து ஓடிப் பிடித்துக்கொள்வார். அன்று பதினோரு இடத்தில் நின்றார். எதற்கு எண்ணினேன் என்று தெரியவில்லை. கதவுக்குப் பக்கத்தில் தொங்கிய நாள்காட்டித் தாளில் பதினோரு கோடு போட்டேன். மறுநாள் பத்து. அதற்கு மறுநாள் பன்னிரண்டு. பிறகு குறைய ஆரம்பித்தது. ஏழு, ஐந்து, மூன்று.

டாக்டர் ஒரு நாள் அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். சொன்னேன். "இதை ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார். "இது ஒரு விஷயமான்னு நினைச்சேன் மேடம்" என்றேன். "நான் அஞ்சு நிமிஷம் நிக்கறேன். நீங்க எட்டு மணி நேரம் நிக்கறீங்க. இதுதான் விஷயம்" என்றார்.

பதினெட்டாம் நாள் சாமி ஓர் இடத்திலும் நிற்கவில்லை. அன்றும் மறுநாளும் சளி வாங்கினோம். இருமல் குறைந்தபின் சளி வருவதே கஷ்டம். மூச்சை இழுக்க வைத்து, காத்திருந்து வாங்கினேன். இரண்டிலும் கிருமி தெரியவில்லை.

டாக்டர் மாத்திரை அட்டையைப் பார்த்தார், எடையைப் பார்த்தார், காய்ச்சல் சார்ட்டைப் பார்த்தார். பேனாவை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கப்பை நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன் மேடம். கொஞ்சம்தான் வந்துச்சு. ஆனா நெஞ்சுலேருந்து வந்ததுதான்."

அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்குப் போகலாம், மாத்திரையைத் தொடர வேண்டும், கோஷ்டிக்கும் போகலாம் என்று எழுதினார். நண்பரை மட்டும் அவருடைய சிறுநீரக டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடச் சொன்னார். அவரும் கேட்டு, நிற்கலாம் என்ற பதிலோடு வந்தார்.

கதை இங்கே முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். நாலைந்து நாள் கழித்து நண்பர் எனக்குப் போன் செய்தார்.

"உங்க சாமி சன்னதிக்கு வரார். ஆனா உள்ள வர மாட்டேங்கறார். வாசப்படிக்கு வெளியிலயே நின்னுண்டு சேவிச்சுட்டுப் போயிடறார். உள்ள இருக்கறவாளும் வாங்கோன்னு கூப்பிடலை. பேப்பரைக் காட்டினேன். பேப்பர்ல என்ன வேணா எழுதுவான்னுட்டா ஒருத்தர். நாளைக்குக் கூடாரவல்லி, மார்கழி இருபத்தேழு, அக்காரவடிசல் பண்ற நாள். நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும்னு சாமி கேக்கறார்."

"நானா? டாக்டர் எழுதினதைவிட நான் என்னங்க சொல்லிடப் போறேன்?"

"கூடவே இருந்தவர் நீங்கதானே."

மறுநாள் எனக்கு லீவு. சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினேன். போகத்தான் வேண்டுமா என்று காவேரிப் பாலம் வரை யோசித்துக்கொண்டே போனேன். சாமி போகக் கூடாது என்று டாக்டரிடம் சொல்லப் போன அன்று எனக்கு எவ்வளவு பயமாக இருந்ததோ, அதைவிட அதிகமாக அன்று பயமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்பவனை யாரும் பிறகு கேள்வி கேட்க மாட்டார்கள். சரி என்று சொல்பவன்தான் மாட்டிக்கொள்வான். அதனாலேயே நம்மில் பலர், 'எதுக்கும் இன்னும் கொஞ்ச நாள் தள்ளியே இருங்க' என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். நானே எத்தனையோ பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் எல்லாம் எத்தனை வாசலுக்கு வெளியே நின்றார்களோ.

சாமி வாசப்படிக்கு வெளியே நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கை கூப்பினார். உள்ளே வரிசை தயாராக நின்றது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நண்பருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தது. அந்த இடத்தில் தரையில் ஒரு துண்டு மடித்து வைத்திருந்தது.

"சொல்லுங்கோ. இவர் உள்ள வரலாமா?" என்றார் நண்பர்.

"வரலாம்" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"மாஸ்க்குக்குள்ளயே பேசிப் பேசிப் பழகிட்டார். சத்தமாச் சொல்லுங்கோ."

"வரலாங்க. சளியை நான் பக்கத்துல நின்னு வாங்கினேன். இருமல் நின்னதையும் நான் கேட்டேன். தாராளமா வரலாம்."

நண்பர் குனிந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். சாமி படியைத் தாண்டினார்.

அவர்கள் பாட ஆரம்பித்தார்கள். நான் தூணோரமாக நின்று, வார்டு ஜன்னலில் நின்ற மாதிரியே கேட்டேன். எந்த வரியில் நிற்பார் என்று காது காத்துக்கொண்டிருந்தது. எந்த வரியிலும் நிற்கவில்லை.

முடிந்ததும், பாலும் வெல்லமும் நெய்யும் சேர்த்துக் குழைத்த அக்காரவடிசல் அண்டா வந்தது. அதைப் பரிமாறுவது வழக்கமாகச் சாமியின் வேலையாம். அண்டாவை அவர் முன்னால் வைத்தார்கள். அவர் கையைக் கழுவி, நெய் சொட்டுகிற உருண்டையைக் கையில் எடுத்தார். யாரும் முன்னால் வரவில்லை. ஒருவர் வாசல் பக்கம் போய்ச் செருப்பைத் தேடுவது போலக் குனிந்தார். இந்த நோய் சாப்பாட்டில் ஒட்டாது என்று வார்டில் எத்தனை குடும்பங்களிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது நான் அவர்கள் சாப்பாட்டைத் தொட்டதில்லை.

சாமி என்னைப் பார்த்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நான் முதலாவதாகப் போய்க் கையை நீட்டினேன். சூடாக இருந்தது. நெய் மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரை வழிந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வாழ்நாளில் முதல் தடவையாகக் கூச்சப்படாமல், நின்ற இடத்திலேயே முழுவதையும் சாப்பிட்டேன்.

என் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை நீண்டது. "இவருக்கு மட்டும் இவ்வளவு பெரிய உருண்டையா? எனக்கும் அதே அளவு போடும் ஓய்" என்றார் நண்பர். அவருக்குப் பின்னால், செருப்பு தேடியவரும் வந்து நின்றார்.